கொலம்பஸ் கையில் ஒரு தொலைநோக்கி

1903இல் செயின்ட் கிட்ஸ்-நெவிஸ் தீவுகளுக்காக வெளிவந்த தபால்தலை ஒன்றில் கொலம்பஸ் நிற்கிறார். கண்ணில் தொலைநோக்கி. கரை தெரிகிறதா என்று தேடுகிறார் போலிருக்கிறது. அழகான படம்தான், ஆனால் ஒரு சிக்கல். கொலம்பஸ் இறந்தது 1506இல். தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டு நெதர்லாந்தில் விண்ணப்பம் போனது 1608இல். தனக்கு நூறு வருஷம் பிந்திய கருவி மனிதருக்கு எங்கிருந்து கிடைத்ததோ!

இந்தத் தபால்தலையைப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் கொடுத்து, "ரொம்பப் பழசு, பத்திரமாக ஆல்பத்தில் வை" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடும். அதையே கொடுத்து, "இதில் ஒரு தப்பு இருக்கிறது, கண்டுபிடி பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். உடனே பூதக்கண்ணாடி வேண்டும் என்று கேட்கும். கொடி சரியா, தொப்பி சரியா, கப்பல் அப்படித்தான் இருந்ததா என்று ஒவ்வொன்றாகத் துருவும். விடை கிடைத்ததும் சும்மா உட்காராது. எழுந்து ஓடிப்போய் இன்னொருவரிடம் காட்டும்.

அந்த ஓட்டத்துக்குக் கொடுக்கிற வடிவம்தான் தபால்தலைக் காட்சி. இளையோரை இதற்குள் கொண்டுவருவது பற்றிச் சேகரிப்பாளர்கள் கூடும் இடமெல்லாம் கவலையோடு பேசுகிறார்கள். பேச்சு பெரும்பாலும் 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஸ்டாம்ப் மேல் ஆர்வமே இல்லை' என்ற இடத்தில் முடிந்துவிடும். என் எண்ணம் வேறு. பிள்ளைகளுக்குச் சேகரிப்பில் ஆர்வம் இல்லாமல் இருக்கலாம். கண்டுபிடித்ததை நாலு பேருக்குக் காட்டுவதில் ஆர்வம் இல்லாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. நாம் வாசலை மாற்றித் திறந்து வைத்திருக்கிறோம். முதலில் சேகரி, நிறையச் சேர்ந்தபின் காட்சிக்கு வை என்கிறோம். வரிசையைத் திருப்பிப் போட்டால் என்ன?

முதலில் காட்சி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இதையே தெரியாதவர்கள் நிறையப் பேர். ஆல்பத்தைத் திறந்து மேஜையில் வைப்பது காட்சி ஆகாது. காட்சிக்கூடத்தில் கண்ணாடியோ தெளிந்த பிளாஸ்டிக்கோ போட்ட சட்டங்கள் நிற்கும். ஃப்ரேம் என்றுதான் எல்லாரும் சொல்வது வழக்கம். ஒரு ஃப்ரேமில் வழக்கமான அளவுத் தாள்கள் வரிசைக்கு நான்காக நான்கு வரிசை, மொத்தம் 16 நிற்கும். ஒவ்வொரு தாளிலும் சில தபால்தலைகளோ உறைகளோ, பக்கத்தில் சுருக்கமான குறிப்பு. முதல் தாளில் தலைப்பும் திட்டமும் இருக்கும். 'நான் இன்ன கதையைச் சொல்லப்போகிறேன், இந்த வரிசையில் சொல்லப்போகிறேன்' என்ற வாக்குறுதி அது. மீதித் தாள்கள் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். நடுவர்கள் வந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பெரியவர்களின் உலகக் காட்சிகளில் ஒருவர் 5 ஃப்ரேம், தேர்ந்தவர் 8 ஃப்ரேம் வரை வைப்பதுண்டு. எட்டு ஃப்ரேம் என்றால் 128 தாள், ஒரு புத்தகமே எழுதியதுபோல.

பயம் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒற்றை ஃப்ரேம் காட்சி என்றே ஒரு பிரிவு இருக்கிறது. பதினாறு தாளில் சொல்லி முடிக்கக்கூடிய கதை போதும். அதற்கும் முன்னால், ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு தாள் போதும்.

அந்த ஒற்றைத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும். ஏனென்றால் எல்லாமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பென்குவின் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். பென்குவின் படம் போட்ட ஸ்டாம்பாகப் பன்னிரண்டு சேர்த்து வைத்திருக்கிறாள். அவளாக விட்டால் பன்னிரண்டையும் ஒரே தாளில் வரிசையாக ஒட்டி, மேலே 'பென்குவின்' என்று வண்ணப் பேனாவில் எழுதுவாள். தப்பில்லை. அடுத்து நாம் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: "இதைப் பார்க்கிறவருக்கு நீ என்ன சொல்ல ஆசைப்படுகிறாய்?" கொஞ்சம் யோசிப்பாள். "அப்பா பென்குவின்தான் முட்டையை அடைகாக்கும்!" என்பாள். எம்பரர் பென்குவினில் உண்மையிலேயே அப்படித்தான். தாய் கடலுக்குப் போய்விடும். தந்தை இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பாடு இல்லாமல், முட்டையைக் கால்மேல் வைத்துக்கொண்டு பனியில் நிற்கும்.

சரி, அப்படியானால் இந்தத் தாளுக்கு 'அப்பாவின் பொறுப்பு' என்று பெயர் வைக்கலாம். இப்போது பன்னிரண்டும் தேவைப்படாது, நான்கு போதும். அந்த நான்கிலும் உற்றுப் பார்த்தால் ஒன்று எம்பரர் பென்குவினே இல்லை, கிங் பென்குவின் என்று தெரியவரும். இரண்டும் பார்க்க ஒரே ஜாடை. கழுத்துப் பக்கத்து மஞ்சளை வைத்துத்தான் பிரிக்கவேண்டும். அவள் அதை எடுத்து ஓரமாக வைப்பாள், அல்லது 'என்னை ஏமாற்றிய பென்குவின்' என்று தனித் தாள் போடுவாள். எட்டுத் தபால்தலையை வெளியே விட்ட அந்த நிமிஷத்தில் பிள்ளை சேகரிப்பாளர் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. காட்சி வைப்பதில் பாதி வேலை தூக்கிப்போடுவது. பெரியவர்கள் பலருக்கு அறுபது வயதிலும் கைவராத கலை அது.

அப்புறம் அடுத்த படி. நான்கும் தபால்தலைதானா? கதை சொல்ல வேறு பொருளும் உண்டு. தபால் முத்திரையில் பென்குவின் வரும். அச்சிட்ட தபால் அட்டையில் வரும். அண்டார்க்டிக்காவில் போர்ட் லாக்ராய் என்று ஓர் இடம் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் ஆய்வுத் தளம், இப்போது கோடைக்காலத்தில் அங்கே ஒரு தபால் நிலையம் நடக்கிறது, சுற்றிலும் ஜென்டூ பென்குவின்கள் கூடு கட்டிக் கிடக்கும். அங்கிருந்து முத்திரை வாங்கிவந்த ஒரு சாதாரண அட்டை, பென்குவின் படம்கூட அதில் இருக்க வேண்டியதில்லை, அந்தத் தாளில் உட்கார்ந்தால் பார்க்கிறவர் நின்றுவிடுவார். படத்தைப் பார்த்துச் சேர்த்த பிள்ளை, படமே இல்லாத பொருளுக்காக ஏங்க ஆரம்பிப்பது இங்கேதான்.

கருப்பொருள் காட்சி என்று இந்த வகைக்குப் பெயர். பிள்ளைகளுக்கு எளிதாகத் தெரிகிற வாசல் இது என்பதால் பெரும்பாலும் இதிலேயே சேர்த்துவிடுகிறோம். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் பறவையும் பூவும் பிடிக்கவேண்டும் என்று சட்டமா? துப்பறியும் புத்தி உள்ள பிள்ளைக்குப் பென்னி ரெட் என்கிற பழைய பிரிட்டிஷ் சிவப்புத் தபால்தலையைக் கொடுத்துப் பாருங்கள். உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான பென்னி பிளாக் 1840 மே மாதம் வந்தது. அதன் மேல் குத்திய சிவப்பு முத்திரையை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்த முடியும் என்ற பயம் வந்ததால், 1841இல் தபால்தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். இந்த ஒரு மாற்றமே ஒரு தாளுக்கான கதை. பென்னி ரெட் பல நூறு கோடிகள் அச்சானது, இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. மூலைகளில் எழுத்துகள் இருக்கும். அச்சான ஒரு முழுத் தாளுக்கு 20 வரிசை, வரிசைக்கு 12, ஆக 240 தபால்தலை. இடது கீழ் எழுத்து எந்த வரிசை என்று சொல்லும், வலது கீழ் எழுத்து அந்த வரிசையில் எத்தனையாவது என்று சொல்லும். முதல் தபால்தலை ஏ-ஏ (AA), கடைசி டி-எல் (TL). 1864க்குப் பிறகு வந்தவற்றில் அச்சுத்தகட்டின் எண்ணையே இரண்டு பக்கத்துச் சித்திர வேலைக்குள் ஒளித்து வைத்தார்கள். சுருள் கோடுகளுக்கு நடுவே பொடியாக ஒரு '1', ஒரு '0', ஒரு '3' இருப்பதை லென்ஸ் வழியாகப் பார்த்துக் கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும். அதற்கப்புறம் வீட்டில் இருக்கிற அத்தனை பென்னி ரெட்டையும் அது தலைகீழாகப் புரட்டும். இதற்குப் பாரம்பரியப் பிரிவு என்று பெயர், மூத்தவர்களுக்கு உரியது என்று எல்லாரும் ஒதுக்கி வைத்திருப்பது. ஏன் ஒதுக்கினோம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மூன்றாவது வாசல் அஞ்சல் வரலாறு. ஒரு கடிதம் எங்கே புறப்பட்டது, எந்த வழியில் போனது, யார் கையில் நின்றது என்ற கதை. 1870-71இல் பாரிஸ் முற்றுகையில் சிக்கியபோது ஊருக்குள்ளிருந்து கடிதங்களைப் பலூனில் ஏற்றி அனுப்பினார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட பலூன்கள். திரும்பி வரவேண்டிய செய்தியை நுண்படமாக்கிப் புறாவின் இறகில் கட்டினார்கள். டோங்காவில் நியுவாஃபோவு என்ற தீவுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், தபாலைத் தகர டப்பாவில் அடைத்து மூடுவார்கள், நீச்சல்காரர்கள் போய் வாங்கிவருவார்கள். 'டப்பா தபால்' என்றே அதற்குப் பேர் வந்தது. இதையெல்லாம் கேட்டுவிட்டு ஸ்டாம்ப் சலிப்பான விஷயம் என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் அது நம்ப முடியாத பிள்ளை.

பழங்கதைதான் வேண்டும் என்பதும் இல்லை. 2020இல் கோவிட் காரணமாகப் பல நாடுகளுக்குத் தபால் போக்குவரத்து நின்றது. அனுப்பிய கடிதங்கள் 'சேவை நிறுத்தப்பட்டுள்ளது' என்ற பொருளில் முத்திரையோ ஒட்டுச்சீட்டோ தாங்கித் திரும்பி வந்தன. இன்று பதினெட்டு வயதாகிற பிள்ளைக்கு அது சொந்த வாழ்க்கையின் வரலாறு. தாத்தா காலத்து உலகப்போர்த் தபாலைப் பெரியவர்கள் எந்த அக்கறையோடு தேடினார்களோ, அதே அக்கறையோடு தேடக்கூடிய பொருள் இது. இன்னும் பலர் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதும் ஒரு வசதி.

பிள்ளைகளிடம் சொல்லிக் கேட்கவைக்க எனக்குப் பிடித்த ஒரு கதை இருக்கிறது. தபால்தலை உலகத்தை மாற்றுமா என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நிகராகுவா 1900இல் வெளியிட்ட தபால்தலையில் மொமொடோம்போ எரிமலை புகை கக்கிக்கொண்டு நிற்கும். அந்தச் சமயம் அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் கால்வாயை நிகராகுவாவில் வெட்டுவதா, பனாமாவில் வெட்டுவதா என்று அமெரிக்க செனட்டில் விவாதம். 1902 மே மாதம் மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து சுமார் 30,000 பேர் இறந்திருந்தார்கள். பனாமா பக்கம் நின்ற ஃபிலிப் பூனோ-வாரிய்யா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கடை கடையாக ஏறி அந்த நிகராகுவா தபால்தலையைச் சேர்த்தார். செனட்டர் ஒவ்வொருவருக்கும் ஒன்று அனுப்பினார். எரிமலை இருக்கிற நாட்டிலா கால்வாய் என்று கேட்காமல் கேட்டார். வாக்கு பனாமா பக்கம் விழுந்தது. தபால்தலை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் ஒரு ஃப்ரேம் காட்சிக்கு இதைவிட நல்ல முதல் தாள் கிடைக்குமா?

சரி, விதிகளுக்கு வருவோம். இங்கேதான் பலர் பிள்ளைகளைத் தொலைக்கிறார்கள்.

உலக அளவில் இந்தப் போட்டிகளின் விதிகளை வகுப்பது எஃப்.ஐ.பி. என்கிற சர்வதேசத் தபால்தலைச் சேகரிப்புக் கூட்டமைப்பு. 1926இல் தொடங்கியது. இளையோருக்கென்று அதில் தனிப் பிரிவே உண்டு. 10 முதல் 15 வயது, 16 முதல் 18, 19 முதல் 21 என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். சின்னவர்களுக்கு ஃப்ரேம் குறைவு, வயது ஏற ஏற ஃப்ரேமும் எதிர்பார்ப்பும் கூடும். பெரியவர்களின் பாரம்பரியப் பிரிவிலும் அஞ்சல் வரலாற்றுப் பிரிவிலும் நூற்றுக்கு மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். சொன்ன விதத்துக்கும் எடுத்துக்கொண்ட கதையின் முக்கியத்துவத்துக்கும் 30. அறிவு, சொந்த ஆய்வு இவற்றுக்கு 35. பொருளின் நிலைக்கும் அபூர்வத்துக்கும் 30. அழகாக வைத்ததற்கு வெறும் 5.

இந்தக் கணக்கைப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, பூப்போட்ட ஓரமும் வண்ண எழுத்தும் நினைக்கிற அளவு உதவாது. இன்னொன்று முக்கியம். அறிவும், சொல்லும் விதமும், கதையின் முக்கியத்துவமும் சேர்ந்தாலே 65. பணம் கொடுத்து வாங்க முடியாத 65. 'ஸ்டாம்ப் காட்சி பணக்காரர் விளையாட்டு, நம் பிள்ளைக்கு ஆகாது' என்று ஒதுங்குகிற பெற்றோர் இதைப் பார்ப்பதில்லை. அபூர்வமானது விலை கூடியது என்பது நிஜம்தான், உச்சப் பதக்கம் வாங்க அது வேண்டும். ஆனால் இளையோர் பிரிவில் யாரும் அதை முதன்மையாக எதிர்பார்ப்பதில்லை. அபூர்வம் என்பதற்கே வேறு பொருளும் உண்டு. சாதாரணத் தபால்தலைதான், ஆனால் அது உறைமேல் சரியான கட்டணத்துக்குத் தனியாக ஒட்டி, தெளிவான முத்திரையோடு போய்ச் சேர்ந்திருப்பது அவ்வளவு எளிதில் அகப்படாது. தேடுகிற கண்ணுக்குத்தான் அது கிடைக்கும். பிள்ளைகளின் கண் நம்மைவிடக் கூர்மை.

அபூர்வம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உலகில் ஒன்றே ஒன்று இருப்பதாக அறியப்பட்ட பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா தபால்தலையை 1873இல் வீட்டுக் காகிதங்களுக்கு நடுவே கண்டெடுத்தது வெர்னான் வான் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். மூலைகள் வெட்டுப்பட்ட அந்த எட்டுமுனைத் துண்டு அவனுக்கு அழகாகத் தெரியவில்லை. விற்றுவிட்டு வேறு நல்ல ஸ்டாம்ப் வாங்கலாம் என்று சொற்பத் தொகைக்குக் கொடுத்துவிட்டான். பெரியவர்கள் இதைச் சொல்லிப் 'பார்த்தாயா, எப்படி ஏமாந்தான்' என்று சிரிப்பார்கள். எனக்கென்னவோ அதைக் கண்டெடுத்தது பையன்தான் என்பதே கதையாகத் தெரிகிறது.

விதிகளைச் சொல்ல வந்தேன். விதி வேண்டியதுதான், ஆனால் எப்போது என்பதுதான் கேள்வி. முதல் நாளே ஒரு பிள்ளையை உட்காரவைத்து, நகல் வைத்தால் அசலின் அளவிலிருந்து குறைந்தது 25 சதவீதமாவது மாறியிருக்கவேண்டும், முதல் நாள் உறையை (தபால்தலை வெளியான அன்றே முத்திரை குத்திய உறை) அளவோடு வை, ஒரே மாதிரிப் பொருளைத் திரும்ப வைக்காதே என்று பாடம் எடுத்தால் எழுந்து ஓடிவிடும். ஓடுவது நியாயம். தாள் கையில் வந்தபிறகு விதி சொன்னால் கதை வேறு. "இந்த இடத்தில் நகல் வைத்திருக்கிறாய் அல்லவா, பார்க்கிறவர் அசல் என்று நினைத்து ஏமாறக்கூடாது, கொஞ்சம் சிறிதாக்கிவிடு" என்றால் காரணத்தோடு மனதில் நிற்கும். துளை அளவும் அப்படித்தான். தபால்தலை ஓரத்துத் துளைகளை இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை என்று எண்ணுகிற வழக்கம் 1866இல் பாரிஸைச் சேர்ந்த ழாக் லெக்ராந் கொண்டுவந்தது. இதைத் தகவலாகச் சொன்னால் கொட்டாவி வரும். ஒரே மாதிரித் தெரிகிற இரண்டு தபால்தலையைக் கொடுத்து, ஒன்று மட்டும் வேறு அச்சு, எது என்று அளவுகோலைக் கையில் கொடுத்துவிடுங்கள். அரைமணி நேரம் சத்தமே வராது.

பொருளைப் பேணுவது பற்றி நான் போதிக்கத் தகுதி உள்ளவன் இல்லை. சின்ன வயதில் வீட்டுக்கு வந்த உறைகளிலிருந்து ஸ்டாம்பைக் கத்தரிக்கோலால் நறுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, உரித்து, உலர்த்தி, பிசின் தடவி நோட்டில் ஒட்டியவன் நான். அழகான வட்ட முத்திரைகள் பாதியாக வெட்டுப்பட்டுப் போயின. அதில் ஓர் உறை எங்கெங்கோ சுற்றி, முகவரி மாற்றி மாற்றி எழுதப்பட்டு, மூன்று ஊர் முத்திரையோடு வந்தது என்பது மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது. நோட்டில் இருப்பது அதன் மூலைத் துண்டு. ஆகவே பிள்ளைகளிடம் சொல்கிற முதல் பாடம்: உறை உறையாகவே இருக்கட்டும். இரண்டாவது, பிசினும் செலோடேப்பும் வேண்டவே வேண்டாம். ஹிஞ்ச் எனும் எளிதில் பிரிகிற மடிப்புச் சீட்டு, மவுண்ட் எனும் ஒளி ஊடுருவும் சிறு உறை, கடித உறைக்கு மூலைப்பிடி, கையால் தொடாமல் எடுக்க ஒரு சின்ன டாங்ஸ், அமிலமில்லாத தாள். இவ்வளவுதான். ஒட்டாமல் வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம்.

அடுத்தது தர்மசங்கடமான விஷயம். இளையோர் ஃப்ரேம்கள் முன்னால் நின்று பார்க்கிற யாருக்கும் சில நேரம் ஒரு சந்தேகம் வரும். பதிமூன்று வயதுப் பெயர் போட்டிருக்கும், மொழிநடை ஐம்பது வயதுக்காரருடையது. அப்பாவின் சேகரிப்பு, அப்பாவின் குறிப்பு, மகனின் பெயர். வெட்கப்பட வேண்டியது பிள்ளை இல்லை. ஆனால் பக்கத்து ஃப்ரேமில் தானாக, தட்டுத் தடுமாறி, ஒரு எழுத்துப்பிழையோடு வைத்திருக்கிற பிள்ளைக்கு இது அநியாயம். மதிப்பெண்ணில் அது பின்னால் போகும், அடுத்த வருஷம் வராது. அந்த அப்பாவின் பிள்ளையும் வராது, ஏனென்றால் அந்தப் பதக்கம் தன்னுடையது இல்லை என்று அதற்குத் தெரியும்.

உதவி எங்கே நிற்கவேண்டும் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. பொருள் தேடித்தரலாம், வாங்கித்தரலாம், நூல்நிலையத்துக்கு அழைத்துப்போகலாம். கேள்வி கேட்கலாம், எத்தனை வேண்டுமானாலும். எந்தப் பொருள் எந்தத் தாளில் என்ற முடிவும், குறிப்பின் வாக்கியமும் பிள்ளையுடையதாக இருக்கவேண்டும். வாக்கியம் சுமாராக இருக்கட்டுமே. 'இந்தக் கடிதம் ரொம்பத் தாமதமாக வந்தது, பாவம் அவர்' என்று ஒரு குறிப்பில் இருந்தால் நடுவர் புன்னகையோடு படிப்பார், அது யார் எழுதியது என்று அவருக்குச் சந்தேகமே வராது.

நடுவரைப் பற்றியும் சொல்லவேண்டும். காட்சி முடிந்தபின் நடுவர்களோடு ஃப்ரேம் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது பாடம். பிள்ளைக்கு அது உயிர்ப்பிரச்சினை. ஆறு மாதம் உழைத்த ஒன்றைப் பார்த்து, "திட்டம் சரியில்லை, இந்தப் பொருள் தேவையற்றது, இங்கே முத்திரை தெளிவில்லை" என்று வரிசையாகச் சொன்னால் ஒவ்வொன்றும் உண்மையாகவே இருந்தாலும் கதை அங்கே முடிந்தது. தேர்ந்த நடுவர் முதலில் கேட்பார்: "இதில் உனக்கு ரொம்பப் பிடித்த தாள் எது?" பிள்ளை காட்டும். ஏன் என்று சொல்லும். தாளில் எழுதாத ஒரு விஷயத்தை அப்போது வாய்விட்டுச் சொல்லும். "அட, இதை ஏன் எழுதவில்லை? அடுத்த தடவை இதைத்தான் எழுதணும்" என்றால் போதும், குறையும் சொல்லியாயிற்று, பிள்ளையும் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு தடவைக்கு ஒரு திருத்தம். இரண்டாவது திருத்தம் அடுத்த வருஷத்துக்கு.

ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இளையோர் ஃப்ரேம்களைக் கூடத்தின் கடைசி மூலையில், வெளிச்சம் எட்டாத இடத்தில் நிறுத்துவதை விடவேண்டும். பெரியவர்களின் ஃப்ரேம் உயரத்துக்கே பிள்ளைகளின் ஃப்ரேமையும் தூக்கி வைத்துவிட்டு, வைத்த பிள்ளையே எக்கிப் பார்க்கிற காட்சியை நான் கண்டிருக்கிறேன். பரிசளிப்பைக் கடைசி நாள் இரவு விருந்தில் வைப்பது இன்னொன்று. பதினோரு வயதுப் பிள்ளை அந்நேரம் தூங்கப் போயிருக்கும்.

கடிதமே எழுதாத தலைமுறைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நியாயமான கேள்விதான். ஆனால் அபூர்வமாகிப் போனதாலேயே கடிதம் பிள்ளைகளுக்கு விசேஷமாகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவருக்குத் தபால் அட்டை அனுப்பினால் உலகின் வேறொரு மூலையிலிருந்து வேறொருவர் உங்களுக்கு அனுப்புகிற போஸ்ட்கிராசிங் 2005இல் போர்ச்சுகலில் ஒரு மாணவர் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அதில் வந்த பத்து அட்டைகள் ஒரு பிள்ளைக்கு முதல் தாளுக்குப் போதும். எந்த நாட்டிலிருந்து எத்தனை நாளில் வந்தது, எது வழி தவறிப் போனது, எதில் முத்திரையே விழாமல் பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள் என்று எழுதினால் அதுவே அஞ்சல் வரலாறு. நவீன உறைகளின் பார்கோடு, வழித்தடச் சீட்டு இதையெல்லாம் பெரியவர்கள் அலட்சியமாகத் தூக்கிப் போடுகிறோம். பிள்ளைகள் அவற்றைப் படிக்கிறார்கள்.

கணினியில் தாளை வடிவமைப்பது, ஸ்கேன் செய்வது, முத்திரையின் மங்கிய எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பது, இதில் யாரும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டாம். இணையவழிக் காட்சி பெருகியபின் ஃப்ரேமையும் பொருளையும் தூக்கிக்கொண்டு பயணம் போகிற செலவும் சுமையும் குறைந்திருக்கிறது. திரையில் பார்ப்பது நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு, நானும் அவர்களில் ஒருவன். ஆனாலும் முதல் காட்சிக்கு அது நல்ல ஒத்திகை.

பதினைந்து பதினாறு வயதில் பலர் நின்றுவிடுவார்கள். தேர்வு, நண்பர்கள், அப்புறம் வேலை. இதைத் தோல்வியாக நினைத்துப் புலம்புகிறவர்கள் அவர்களைத் துரத்தித் துரத்திக் கூப்பிட்டு மொத்தமாகத் துரத்திவிடுகிறார்கள். போகட்டும் என்று விடவேண்டும். ஒன்றைமட்டும் செய்யவேண்டும்: அந்தத் தாள்களைக் கலைக்காமல் வைக்கச்சொல்வது. ஆல்பம் என்றால் யாரிடமோ கொடுத்துவிடுவார்கள். சொந்த வாக்கியத்தில் எழுதிய பதினாறு தாளை யாரும் அவ்வளவு எளிதில் கொடுத்துவிடுவதில்லை. இன்னொரு இடறலும் உண்டு, இதை அமைப்புகள்தான் கவனிக்கவேண்டும். 21 வயது வரை இளையோர் பிரிவு, 22இல் நேராகப் பெரியவர்களின் ஐந்து ஃப்ரேம். நேற்றுவரை பாராட்டியவர்கள் இன்று முப்பது வருஷ அனுபவசாலியோடு நிறுத்தி அளக்கிறார்கள். இந்த இடத்தில் ஒற்றை ஃப்ரேம் பிரிவு ஒரு பாலமாக உதவும். மூத்தவர் ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது.

காட்சியின் கடைசி நாள் மாலை ஃப்ரேம்களைப் பிரிக்கும்போது ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து உறைக்குள் போட்டுக்கொண்டே வரும் பிள்ளை, நடுவே ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைக்கும். ஏன் என்று கேட்டால், "இதில் ஒன்று மாற்றணும்" என்று சொல்லும்.